பேரீச்சம்பழத்துக்குப் போடாதீங்க!

எங்கள் வீட்டு ஹாலில் தற்சமயம் மூன்று தையல் மெஷின்கள் இருக்கின்றன. வீட்டில் ஒருவருக்கும் தைக்கத் தெரியாது. சட்டைப் பட்டன் அறுந்தால்கூட எதிர் ஃப்ளாட் கதவைத்தான் தட்டுவோம். அதே ஹாலில் இரண்டு வால்வு ரேடியோக்கள் (பாடாது), ஏழு எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் (ஏழும் ஏழு நேரம் காட்டும்), ஒரு பித்தளை அண்டா (அதற்குள் என் பெண்ணின் ஸ்கூல் பை).

வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வீடு மாத்தறீங்களா சார்?" என்று அனுதாபத்தோடு கேட்பார்கள். "இல்லீங்க, இது சரக்கு" என்று நான் சொல்வதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து, "வீட்டையே காயலான் கடையா மாத்திட்டாருங்க" என்று திருத்தம் கொண்டு வருவாள்.

நான் பி.காம். அதைவிட மோசமான விஷயம், பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதிக்கிறவன். சன்மானம் என்பது தூரத்து சொந்தக்காரர் மாதிரி. கட்டாயம் வரும். என்றைக்கு என்று கேட்கக்கூடாது. வீட்டு வாடகையோ கொசு மாதிரி. கேட்காமலே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை மேடாக்கத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய சாமான்களை வாங்கி, போனில் படம் போட்டு விற்கும் இந்தத் தொழிலில் இறங்கினேன். முதல் போட்டது ஆயிரத்து இருநூறு ரூபாய்.

இது ஒன்றும் புதுத் தொழில் இல்லை. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேய்..." என்று தள்ளுவண்டியில் கூவிக்கொண்டு வந்தவரை ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் ஒரு ஆள் லாயக்கில்லை என்றால், "இவனைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்கிறோம். பழைய பட்டுப்புடவைக்கு எவர்சில்வர் தூக்கு கொடுத்துவிட்டுப் போன மகானுபாவர்களும் நம் தெருவில்தான் நடமாடினார்கள். (ஜரிகைக்கு என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும். நம் பாட்டிகளுக்குத் தெரியாது.)

சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட். 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, துருப்பிடித்த திருகாணி எல்லாம் கிடைக்கும் என்பார்கள். 1985-இல் தீப்பிடித்து எரிந்துபோனது. வியாபாரிகள் பக்கத்தில் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். எரிந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். பெயர் மட்டும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. எரிந்த மார்க்கெட்டை இப்போது ஆளாளுக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் குழுக்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாமே மூர் மார்க்கெட்தான். தூசி மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிடும்.

* * *

சரக்கு எங்கே கிடைக்கும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. மூன்று இடங்கள்.

ஒன்று, பழைய பேப்பர் கடை. எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சியோடு எனக்கு ஒரு வாய்மொழி ஒப்பந்தம். எடைக்கு வந்ததை உடைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு மிஸ்டு கால். எடை விலைக்கு மேல் பாதி சேர்த்துக் கொடுத்துவிடுவேன். ஆரம்பத்தில் அவர் நம்பவில்லை. "தம்பி, ஓட்ட ரேடியோவ என்னத்துக்கு வாங்குதீக? உள்ள எதுவும் தங்கம் இருக்கோ?" என்றார். இப்போது அவரே, "மாடல் நல்ல மாடலு தம்பி" என்று விலையை ஏற்றுகிறார்.

இரண்டு, போகி. மார்கழி கடைசி வாரத்தில் ஊரே பரணில் ஏறும். நான் அந்த வாரம் எழுதுவது, சாப்பிடுவது இரண்டையும் நிறுத்திவிடுவேன்.

மூன்று, இடிபடும் அடுக்குமாடிகள். நாற்பது ஐம்பது வருஷத்து ஃப்ளாட்டுகளை இடித்து உயரமாகக் கட்டும் காலம் இது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் அத்தனை பேரும் ஒரே மாதத்தில் காலி செய்வார்கள். வாடகை வீட்டில் பரண் கிடையாது. பரணில் இருந்ததெல்லாம் தெருவுக்கு வரும்.

எது விற்கும் என்பது அதைவிடப் பெரிய ரகசியம். பழசு எல்லாம் விற்காது. யாருக்கோ ஞாபகம் இருக்கிற பழசுதான் விற்கும். தங்கத் தகடு ஒட்டிய டின்னர் செட் ஒரு வருஷம் அசையாமல் கிடந்தது. ஒரு ரூபாய்ப் பெறாத பழைய டால்டா டப்பாவை மதுரையிலிருந்து ஒருவர் கெஞ்சி வாங்கினார். "எங்க பாட்டி இதுலதான் சார் முறுக்கு வெச்சிருப்பாங்க" என்றார்.

முத்து காமிக்ஸ் என்றால் நாற்பது, ஐம்பது வயது ஆசாமிகள் குழந்தையாகிவிடுவார்கள். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய வரிசை அது. அன்றைக்குச் சில்லறைக் காசுக்கு வாங்கி, கணக்குப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்து, அப்பாவிடம் உதை வாங்கியவர்கள், இன்றைக்கு மனைவியிடம் மறைத்து வாங்குகிறார்கள். அட்டை கிழியாத பழைய இதழ் என்றால் நான் சொல்கிற விலைக்கு மறுபேச்சு இல்லை.

கைக்கடிகாரத்தில் எச்.எம்.டி. ராஜா. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு வைத்து 1961-இல் பெங்களூரில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு, ரிடையர்மென்ட்டுக்கு, பாஸானதற்கு என்று ஒரு தலைமுறையே ஜனதாவும் பைலட்டும் கட்டிக்கொண்டது. 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்ததும், அலமாரியில் கிடந்தவற்றுக்கு மவுசு வந்தது. மவுசு வந்தால் போலியும் வரும். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நான்கு வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கிப் பளபளவென்று விற்கிறார்கள். அறுபது வயது வாட்ச் இருபது வயதுக்காரன் மாதிரி மினுமினுத்தால் சந்தேகப்படுங்கள். மனிதர்களுக்கும் இது பொருந்தும்.

* * *

பி.காம். படிப்பு வீண்போகவில்லை என்று எனக்குத் தெரிந்ததே இந்தத் தொழிலில்தான். கையிருப்புச் சரக்கை வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் கணக்கில் எழுதவேண்டும் என்று பாடம். என் மனைவி காமர்ஸ் படிக்காமலே இதைக் கடைப்பிடிக்கிறாள். அவள் கணக்கில் ஹாலில் உள்ள எல்லாவற்றின் மதிப்பும் சைபர்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். வாங்கிய விலை, ஆட்டோ, பித்தளை விளக்கப் புளி, பபிள் ராப், அட்டைப்பெட்டி, ஸ்பீட் போஸ்ட் எல்லாம் அதில் ஏறும். நூறு ரூபாய்க்கு வாங்கி நானூறுக்கு விற்றால் முந்நூறு லாபம் என்று நினைக்கிறவன் ஆறு மாதத்தில் கடையை மூடுவான். கழித்துப் பார்த்தால் நூற்றைம்பது நிற்கும். நான்கு மாதம் இடத்தை அடைத்ததற்கும், வீட்டில் வாங்கிய திட்டுக்கும் அதில் கணக்கில்லை.

வரி சமாசாரமும் சொல்லிவிடுகிறேன். பொருள் விற்பவருக்கு வருஷ விற்பனை நாற்பது லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. (என் விற்பனையை நாற்பது லட்சத்தோடு ஒப்பிட்டு மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது.) ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்றால் இந்தச் சலுகை செல்லாது. அதனால் என் சாம்ராஜ்யம் ஓசூரோடு முடிகிறது. பதிவு செய்துகொண்டவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. பழைய பொருளை அப்படியே விற்றால், உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காத பட்சத்தில், முழு விலைக்கு இல்லாமல் வாங்கியதற்கும் விற்றதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். லாபத்துக்கு வருமான வரிக் கணக்கு தனி.

தொடக்கூடாத சாமான்களும் உண்டு. பழைய வீட்டுச் சுவரில் மான் கொம்பு மாட்டியிருப்பார்கள். தந்தத்தில் சின்னதாய் யானை இருக்கும். "தூக்கிட்டுப் போங்க சார், சும்மா" என்பார்கள். சும்மாவும் வேண்டாம், சுமக்கவும் வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வாசலில் நிற்கும். அதே 1972-இல் வந்த தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, சிற்பம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யமுடியாது. "தாத்தா காலத்து ஐம்பொன் விக்கிரகம்" என்று யாராவது காதோடு சொன்னால், கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவேன்.

* * *

வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு தொடரே எழுதலாம். படம் போட்ட மறு நிமிஷம் "ஹாய்" என்று ஒருவர் வருவார். நானும் "ஹாய்" என்பேன். அத்தோடு சரி. "இருக்கா?" என்று இன்னொருவர். "இருக்கு" என்றால் ஆளே இருக்கமாட்டார். "லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க" என்பவர் முதல் விலையைப் படித்திருக்கவே மாட்டார். நாற்பத்தைந்து வருஷத்து மிக்ஸிக்கு வாரன்ட்டி கேட்டார் ஒருவர். "கம்பெனியே இல்லை சார்" என்றேன். "அப்ப ஒரு ஐந்நூறு குறைச்சுக்கங்க" என்றார்.

படம் எடுக்க ஒரே சூத்திரம்தான். காலை வெயிலில் ஜன்னலோரம். கீறல், ஒடுக்கு, விரிசல் ஆகியவற்றை முதல் படத்திலேயே காட்டிவிடுவேன். குறையைச் சொன்னால் விற்காது என்று பயம் வேண்டாம். குறையை மறைத்தால்தான் விற்றது திரும்பி வரும், கூரியர் செலவோடு.

மோசக்காரர்களிடம் மட்டும் நகைச்சுவை செல்லாது. "நான் ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர், உடனே பணம் அனுப்பறேன்" என்று பேரம் பேசாமலே ஒப்புக்கொண்டு ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்புவார். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண் போட்டால் உங்களுக்குப் பணம் வரும் என்பார். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. எண் போட்டால் பணம் போகும், வராது. பேரம் பேசாத தமிழனைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

* * *

இனி மாமி விஷயம்.

மேற்கு மாம்பலத்தில் இடிக்கப்போகும் ஒரு பழைய ஃப்ளாட். கீழ்த்தளத்தில் எண்பது வயதைத் தொட்ட மாமி. மாமா காலமாகி ஆறு வருஷம். பெங்களூரில் பெண் வீட்டுக்குப் போகிறார். அங்கே அவருக்கு ஒரு ரூம், அதில் பாதி வாஷிங் மெஷினுக்கு. ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். திறந்தால் அந்துருண்டை வாசனையோடு கட்டுக்கட்டாகப் புத்தகம். காலிகோ முதுகு போட்ட பைண்டிங்.

கல்கி வார இதழில் 1950-லிருந்து 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்கள். மணியம் படங்களோடு வாராவாரம் பிரித்தெடுத்து, ஐந்து பாகமும் ஐந்து வால்யூம். கூடவே கோபுலு படங்களோடு விகடனில் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. இன்னும் நாலைந்து தொடர்கள். மாமியின் மாமியார் கும்பகோணத்தில் சேர்த்து வைத்தவை. இராமபாணப் பூச்சி ஓரங்களில் கொஞ்சம் ருசி பார்த்திருந்தது, அவ்வளவுதான்.

"பேப்பர் கடைக்காரன் கிலோ பன்னிரண்டுன்னான். நீ பதினஞ்சு கொடு. எடுத்துண்டு போ" என்றார் மாமி.

பதினெட்டு கிலோ. இருநூற்று எழுபது ரூபாய்.

அது ஜூன் முதல் வாரம். என் பெண்ணுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. பாங்கில் நாலாயிரத்துச் சொச்சம். பெட்டிக்குள் இருந்தது ஃபீஸைத் தாண்டும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாமி கேட்ட விலையைக் கொடுக்கிறேன், அவர் சந்தோஷமாகக் கொடுக்கிறார், இதில் தப்பென்ன? வாங்குகிறவன் உஷாராக இருக்கவேண்டும் என்று வணிகச் சட்டத்தில் படித்திருக்கிறேன். விற்கிற கிழவி உஷாராக இருக்கவேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. மாமி காபி கலக்க உள்ளே போனார். இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தில் பேரம் பேசுவது வியாபாரம். ஒருத்தருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தில் பேசாமல் இருப்பதற்கு வேறு பெயர். காபி வருவதற்குள் எனக்கு இது தெளிவாகிவிட்டது.

"மாமி, இது கிலோ கணக்கில் போடற சாமான் இல்லை. இருபதாயிரத்துக்கு மேல போகும்" என்றேன்.

மாமி டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மலரவில்லை. சுருங்கியது. "அப்படின்னா நீ எவ்வளவு அடிக்கப் பாக்கறே?"

உண்மையைச் சொன்னால் வரும் சந்தேகம் பொய் சொன்னால் வருவதில்லை!

கல்லூரி நாட்களில் கன்சைன்மென்ட் அக்கவுன்ட்ஸ் என்று ஒரு பாடம். சரக்கு என்னிடம் இருக்கும், சொந்தம் உங்களுக்கு. விற்றால் கமிஷன் எனக்கு, மீதி உங்களுக்கு. விற்காவிட்டால் சரக்கு திரும்பும். அதை அப்படியே மாமிக்கு விளக்கினேன். நான்கில் ஒரு பங்கு கமிஷன் என்றேன். "மாப்பிள்ளைகிட்ட கேக்கணும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

மூன்று நாள் போன் இல்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "இருநூத்தி எழுபது ரூபாய் கையில இருந்துதா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. பிறகு பீரோவைத் திறந்து இரண்டு வளையலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஃபீஸ் கட்டிட்டு வாங்க." திட்டியிருந்தால் தேவலை. அடகுக் கடையில் நின்றபோது நான் ஹரிச்சந்திரன் மாதிரி உணரவில்லை. வளையலை அடகு வைக்கும் ஆள் மாதிரிதான் உணர்ந்தேன்.

நாலாம் நாள் மாமி கூப்பிட்டார். "கணக்கு எழுதிக் குடுத்துட்டு எடுத்துண்டு போ. ரெண்டு காப்பி."

பழைய பைண்டிங் விற்க ஒரு விதி. பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, விட்டுப்போனதை முன்கூட்டியே சொல்லவேண்டும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது வால்யூமில் ஒரு வாரத்துப் பக்கங்கள் இல்லை. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள்கள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், அந்த வாரத்து அத்தியாயம் முழுக்கக் கையால் எழுதியிருந்தது. கடைசியில், 'பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி அம்மாவுக்காக எழுதியது' என்று ஒரு வரி. கீழே மாமாவின் பெயர், ஏழாம் வகுப்பு.

மறுநாள் மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார். "எனக்கு இதைச் சொன்னதே இல்லை" என்றார். "அவர் எழுத்து கடைசி வரைக்கும் இப்படியேதான் இருந்தது. குண்டா." அந்த வால்யூமை மூடி மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

செட் உடைந்தால் விலை இறங்கும். இறங்கியது. மீதி நாலு வால்யூமை வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கோட்டூர்புரத்தில் குடியிருந்தவர். அவருடைய அம்மா சேர்த்த இதே பைண்டிங் கூழாகிப்போனதாம். மூணாம் பாகம் இல்லை, காரணம் இது என்று எழுதினேன். "அந்த அம்மா கிட்டயே இருக்கட்டும். நான் பேரம் பேசவில்லை" என்று பதில் வந்தது. (பேரம் பேசாத தமிழன்! ஆனாலும் பணம் ஒழுங்காக வந்தது.) நாலும் பதினாலாயிரம், மற்றவை ஏழாயிரத்து நானூறு. மொத்தம் இருபத்தோராயிரத்து நானூறு. என் கமிஷன் ஐயாயிரத்து முந்நூற்றைம்பது. வளையல் அதில் மீளவில்லை. நவராத்திரிக்கு முன்னால் பழைய பண்ருட்டி கொலு பொம்மைகள் விற்றுத்தான் மீண்டது.

மாமிக்குக் கணக்கைக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். அப்புறம் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பெங்களூர் போய்விட்டார்.

போகுமுன் என்ன சொல்லிவிட்டுப் போனாரோ, அந்தக் கட்டடத்திலேயே இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுப் பரணைத் திறந்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டு மாமாவிடம் ஆசை தாங்காமல் கேட்டேன், "மாமி என்னைப் பத்தி என்ன சார் சொன்னாங்க?"

"நம்பலாம்னா. ஆனா இருநூத்தி எழுபது ரூபாய்ல முடிய வேண்டியதை ரெண்டு மாசம் இழுப்பான்னும் சொன்னா."